டேரன் வண்டியில் செருகியிருந்த சான்றிதழ்

அன்பு மகள் ஜோலீனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. அலாஸ்காக் குளிரில் நீயும் மருமகனும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் அப்பாவுக்கு இரண்டு விலா எலும்பு முறிந்திருக்கிறது, என் கன்னத்து ரத்தக்கட்டு இப்போதுதான் மஞ்சளாகிறது. மாடிப்படியில் விழுந்தோம் என்று சர்ச்சில் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடம் எதற்குப் பொய், எல்லாம் உன் தம்பி டேரன் செய்த வேலை.

குடித்துவிட்டு ஓட்டி இரண்டாம் முறை பிடிபட்ட பிறகு, இவனுக்குக் காப்பீடு இருக்கிறது என்று கம்பெனியே அரசாங்கத்துக்குச் சான்று அனுப்பினால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும் என்றார்கள் அல்லவா, பெற்ற பாசத்தில் என் பெயரிலேயே பாலிசி எடுத்து அவனைச் சேர்த்தேன். சான்றிதழின் நகல் வந்ததும் அதை வண்டிக்குள் கண்ணுக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பில் செருகிக்கொண்டு, குடிப்பதற்கே அனுமதி கிடைத்ததுபோல் திரிந்தான். "ஏம்மா கத்துற, மோதினா கம்பெனிக்காரன் குடுப்பான்" என்பான். அடிபடுகிறவனின் காலை எந்தக் கம்பெனி திருப்பிக் கொடுக்கும், நீயே சொல். சோளம் அறுத்து முடித்த அன்று சாயங்காலம் போதையில் வந்து கொட்டகையை இடித்தான், நம் நாய் பஸ்டர் சக்கரத்துக்கு அடியில் சிக்கிச் செத்துவிட்டது. அப்பா சம்மட்டியை எடுத்து வண்டியின் ஒரு விளக்கை நொறுக்கினார். இவன் அதைப் பிடுங்கி அதன் பிடியாலேயே அவர் விலாவில் அடித்தான், விழுந்தவரைப் பூட்ஸ் காலால் மிதித்தான். குறுக்கே போன எனக்கு முகத்தில் குத்து. நான் அடுப்படியிலிருந்து கையோடு கொண்டு வந்திருந்த இரும்பு வாணலியால் அவன் மண்டையில் ஒன்று போட்டேன், ரத்தத்தோடு வண்டியேறிப் போய்விட்டான். பெற்ற பிள்ளையை அடித்துவிட்டேனே என்று இருக்கிறது. இன்னொன்று போட்டிருக்கலாம் என்றும் தோன்றுகிறது, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

மறுநாள் ஏஜென்ட் வெர்னாவைக் கூப்பிட்டுப் பாலிசியை ரத்து செய்யச் சொன்னேன். "யோசிச்சுக்கோ ரோசலி, ரத்து பண்ணினா நாங்க அரசாங்கத்துக்குச் சொல்லியே ஆகணும், உன் பையன் லைசென்ஸ் போயிடும்" என்றாள். அதற்காகத்தான் கூப்பிட்டேன் என்றேன். டேரனிடமும் போனில் சொன்னேன், மறைக்கவில்லை. "ரத்து பண்ணிக்கோ கிழவி, பேப்பர் என்கிட்டதானே இருக்கு" என்று சிரித்தான்.

போன வியாழக்கிழமை ஒற்றை விளக்கோடு போனவனை ஷெரிஃபின் போலீஸ்காரர் நிறுத்தியிருக்கிறார். இவன் ஜம்பமாகச் சான்றிதழை நீட்டினானாம். கம்ப்யூட்டரில் பார்த்தால் லைசென்ஸ் ரத்தாகிக் கிடக்கிறது. இறங்கச் சொன்னதும் அவர் மூக்கை உடைத்துவிட்டான், பிறகு மூன்று பேர் தரையில் போட்டு அழுத்தித்தான் விலங்கு மாட்டினார்கள். இவனுக்கும் பல் போயிற்று. தரையில் கிடந்தபடி அம்மா அம்மா என்று கத்தினானாம், அதை ஏன்தான் என்னிடம் வந்து சொன்னார்களோ.

இனி உனக்குப் போன் வரும். "அக்கா, அம்மாவுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, நீதான் ஜாமீன் எடுக்கணும்" என்று அழுவான். அந்த அழுகை நிஜமாகத்தான் இருக்கும், நீ இளகிவிடுவாய், அதனால்தான் முந்திக்கொண்டு எழுதுகிறேன். எடுக்காதே. வெளியே வந்தால் அடுத்தது நாயோடு போகாது.

கடவுள் உங்கள் இருவரையும் காக்கட்டும். கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன், மருமகனைப் போடச் சொல். ஞாயிற்றுக்கிழமை சிறைக்குப் போய் அவனைப் பார்க்கப் போகிறேன். தின்பண்டத்தை உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் அவனுக்குப் பிடித்த கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி சுட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உனக்கும் அவனுக்கும் அம்மா,
ரோசலி