எதிரே ஒரு நாற்காலி

அடையாறு,
12-8-1946

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் மர்சலின் தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

கண் தெரியாத துரைசானிக்கு இப்போது ஒரு நாவல் வாசிக்கிறேன். கதையில், ஆயுசெல்லாம் நின்றே உழைத்துச் செத்துப்போன கறுப்பு வேலைக்காரிக்காக, வெள்ளைக்கார எஜமானி எதிரே ஒரு நாற்காலி போட்டு வைக்கிறாள். அதில் உட்கார்ந்தால் கறுப்பும் வெள்ளையும் ஒரே உயரமாம்.

இங்கும் துரைசானிக்கு எதிரே ஒரு காலி நாற்காலி உண்டு. "அதுல நம்மாளுங்க குந்தக் கூடாதும்மா" என்றாள் சமையல்காரி. அதனால் நின்றுதான் வாசிப்பேன். நேற்று துரைசானி, "நீ உட்கார்ந்தது சந்தோஷம், நாற்காலி முனகுவது கேட்கிறது" என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

பயப்படாதீர்கள், பழைய மரம். கால் கடுத்ததால் இன்று நானே உட்கார்ந்துவிட்டேன்.

ஜெபமாலையும் உங்கள் பழைய சேலை ஒன்றும் அனுப்புங்கள். துரைசானி கூப்பிடுகிறார், முடிக்கிறேன்.

உட்கார்ந்தபோது நாற்காலி சூடாக இருந்தது, அம்மா.

மர்சலின்