நைனாவின் இரண்டு கதவுகள்

என் ஆசை நைனாவுக்கு,

உங்கள் மகள் ஜெயித்துவிட்டாள். பெங்களூரில் ஓர் ஓவிய அருங்காட்சியகத்தை ஒட்டிப் நானே திட்டம் வரைந்து புதிதாகக் கல்விக்கூடம் கட்டி முடித்துவிட்டேன். பள்ளிப் பிள்ளைகள் வந்து படம் வரையவும் களிமண் பிசையவும் ஒரு பெரிய கூடம். ஏசி கிடையாது. அதனால்தான் எனக்கு இத்தனை பெருமை. அதனால்தான் மானம் போகவும் பார்த்தது.

"ஏசி இல்லாம உள்ள யாரு கண்ணு குந்துவாங்க?" என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். அருங்காட்சியக இயக்குநர் மேடமும் அதையேதான் கேட்டார். ஏப்ரலில் திறப்பு விழா, அன்றைக்குக் கூடம் வெந்தால் மறுவாரமே சுவரைத் துளைத்து ஏசி மாட்டிவிடுவேன் என்றார். "தாராளமா மாட்டுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த வாய்க்கொழுப்பு எனக்கு யாரிடமிருந்து வந்தது?

விஷயம் இவ்வளவுதான். தோட்டத்து மரநிழலில் இறங்கும் காற்று, மண்ணுக்கடியில் நீளக் குழாயில் போய்க் குளிர்ந்து, கூடத்தின் தரைத் துளைகள் வழியே மேலே வரும். சூட்டைக் கூரைமேல் இருக்கும் உயரமான புகைபோக்கி இழுத்துக்கொள்ளும். இதை எங்கே படித்தாய் என்று கேட்டார்கள். கோலார் தங்கவயலில் என் அப்பா பூமிக்கடியில் காற்றுக் கதவுகளைத் திறந்து சாத்தும் வேலை பார்த்தவர் என்றேன்.

அந்தக் கதவுகள்! சுரங்கத்தில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் காற்று குறுக்கே ஓடிவிடும், உள்ளே வேலை செய்கிறவனுக்குப் போய்ச் சேராது என்பீர்கள். சுரங்கம் மூடிய பிறகாவது விட்டீர்களா? வீட்டில் முன்கதவும் பின்கதவும் திறந்திருந்தால் விருந்தாளி என்றும் பாராமல் கத்துவீர்கள். "ஒரு கதவ சாத்திட்டு மறு கதவ தெறங்க!" என் தோழிகள் முன்னால் எத்தனை முறை கூசிப்போயிருக்கிறேன்.

இருந்தும், கூடத்து வாசலில் அதேபோல ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுதான் வைத்தேன். விழா அன்று என்ன செய்தார்கள் தெரியுமா? விருந்தினர் வரும்போது கதவைச் சாத்துவது மரியாதையா என்று, இரண்டையும் விரியத் திறந்து பூந்தொட்டிகளை முட்டுக் கொடுத்துவிட்டார்கள். பட்டுப்புடவையும் பதற்றமுமாக இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்தில் கூடம் அடுப்பு. மேடம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

குத்துவிளக்குப் பக்கத்திலிருந்த ஊதுபத்தியை எடுத்துக்கொண்டு தரைத் துளை அருகே குந்தினேன். பூஜை என்று நினைத்து நாலு பேர் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்கள். புகை அசையவேயில்லை. வாசலில் கொண்டுபோய்ப் பிடித்தேன். வெளியிலிருந்து உள்ளே பாய்ந்தது. வெயில் காற்றை அல்லவா உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது!

"யாரு ரெண்டு கதவையும் தெறந்து வெச்சது? சாத்துங்க! பாகிலு ஹாக்ரீ!"

தமிழிலும் கன்னடத்திலுமாக என் தொண்டையில் உங்கள் குரல், நைனா. சிறப்பு விருந்தினரே பயந்து எழுந்து ஒரு தொட்டியை நகர்த்தினார்.

பத்து நிமிடத்தில் கணுக்காலில் சில்லென்று பட்டது. மேடம் செருப்பைக் கழற்றித் துளைமேல் காலை வைத்துப் பார்த்தார். "ஏசி பேடம்மா" என்றார். வேண்டாமாம்! முன்வரிசையில் அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். "செத்தும் கதவ சாத்தச் சொல்றாரு பாரு உங்க நைனா."

ஒருமுறை உங்களை அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேனே, நினைவிருக்கிறதா? "பெரிய மனுசங்க எடம், நம்பள உள்ள விடுவாங்களா?" என்று வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். நான் மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

இப்போது கூடத்து வாசலில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பலகை தொங்குகிறது: "ஒரு கதவைச் சாத்திவிட்டு மறு கதவைத் திறக்கவும்." கீழே உங்கள் பெயர், ஓவியத்துக்குக் கீழே ஓவியர் பெயர் போடுவார்களே, அந்த மாதிரி. உங்கள் பேச்சைக் கேட்காமல் ஒரு பிள்ளையும் உள்ளே போக முடியாது.

இனி அந்தக் கதவுகளுக்கு எவரையும் முட்டுக் கொடுக்க விடமாட்டேன், இது சத்தியம். நீங்கள் வந்தால் மட்டும் இரண்டையும் சேர்த்துத் திறந்து வைப்பேன். அதற்கும் கத்துவீர்கள், தெரியும். கத்துங்கள்.

உங்கள் வாயைக் கொண்டு பிறந்த
உங்கள் மகள்