எர்த் இல்லாத மூன்றாம் துளை

03.06.2025, செவ்வாய்

மூடியைத் திறந்தபோது வீட்டில் நின்றவர்கள்: நான், இவர், நிவேதனா. மூன்று பேர். பூனை விறாந்தையில் படுத்திருந்தது. அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆளில்லாத வீட்டில் கரண்ட் சாமான் திறப்பதில்லை என்பது எனக்கு நானே போட்ட சட்டம். ஏதும் நடந்தால் மெயினை நிறுத்த ஒருவர் வேண்டும். அதனால்தான் திறக்கிற நாளெல்லாம் நின்றவர்களின் பெயரை எழுதி வைக்கிறேன்.

இன்று திறந்தது குணலட்சுமி மச்சாள், இவரின் மூத்த அக்கா, கனடாவிலிருந்து அனுப்பிய புரொஜெக்டர். வளவில் உள்ள எங்கள் நாச்சிமார் கோயிலில் மடை, அதாவது பொங்கல் படையல், நடக்கும்போது லப்டொப் வழியே அவவின் முகம் சுவரில் பெரிதாகத் தெரியும், அவ அங்கிருந்து கும்பிடுவா. இப்போது பிளக்கைப் போட்டவுடன் ட்ரிப் சுவிட்ச் விழுந்து வீட்டுக் கரண்ட் நிற்கிறது.

திருநீறு பூசி, ஒரு தேவாரம் சொல்லி, றப்பர் செருப்பைப் போட்டேன்.

"சின்னம்மா, சாமியறைக்கு முன்னாலை செருப்போடையோ?" நிவேதனா சிரித்தாள். இவரின் அண்ணன் மகள். தாய் போனதிலிருந்து பாதி நாள் எங்கள் வீட்டில்தான்.

"சாமி கோவிக்காது. கரண்ட் கோவிக்கும்."

வயரைக் கழற்றி அரை மணித்தியாலம் விட்டேன். கழற்றிய பிறகும் உள்ளே பெரிய கண்டென்சரில் கரண்ட் நிற்கும். மீற்றரை வைத்துப் பார்த்து, வற்றிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் கை வைத்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். கொரோனா அடைப்பில் போனைப் பார்த்துப் பழகியதுதான் எல்லாம். ஆனால் இந்த ஒழுங்கில் ஒரு நாளும் பிசகியதில்லை.

பழுது: எலி. லைவ் கம்பியின் தோலைக் கடித்திருக்கிறது. கம்பி உள்ளே இருக்கும் தகரத்தில் முட்டுகிறது. கரண்ட் எர்த் வழியே ஓடுவதால் ட்ரிப் விழுகிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது.

"ஒட்டுற ரேப்பைச் சுத்தி விடுமன்" என்றார் இவர். பல்ப் சூட்டில் ரேப் இளகிவிடும். உள் வயர் மாற்றத்தான் வேண்டும். கொழும்பில் எடுக்கப் பத்து நாள் ஆகும் என்று கடைக்காரர் சொன்னார். மூடிக் கட்டி, மேலே தாள் ஒட்டினேன்: "போடக்கூடாது. ஆளை அடிக்கும்." பிளக் வயரை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

06.06.2025, வெள்ளி

பெரியத்தான் வந்தார். நிவேதனாவின் தகப்பன், சோமசேகரம். நாச்சிமாருக்குப் பூசை செய்கிறவர்.

"பிள்ளை, வாற வெள்ளி மடை. அக்கா அங்கை நாப்பது பேருக்குச் சொல்லிப்போட்டா."

"வயர் வரட்டும் பெரியத்தான். இப்ப போட்டால் ஆளை அடிக்கும்."

"போன வருசம் அடிக்கேல்லையே."

"போன வருசம் எலி கடிக்கேல்லை."

நம்பவில்லை. தன் வீட்டிலிருந்து ஒரு பிளக் வயர் கொண்டுவந்து என் கண்முன்னே போட்டார். ட்ரிப் விழுந்தது. தூக்கிவிட்டு இன்னொருக்கால் போட்டார். விழுந்தது.

"உங்கடை வீட்டுக் கரண்ட்தான் பிழை" என்றார். "கோயில் போர்ட்டிலை போட்டால் விழாது."

விழாதுதான்! அங்கே ட்ரிப் இருந்தால் அல்லவா விழுவதற்கு? இவரின் ஐயா காலத்துப் பியூஸ் போர்ட். சொக்கற்றில் மூன்று துளை இருக்கிறது. மூன்றாவதற்குப் பின்னால் எர்த் கம்பி இல்லை, வெறுந்துளை. போன வருசமே மீற்றர் வைத்துப் பார்த்துச் சொன்னேன். இன்றும் சொன்னேன். வீட்டில் தகரத்தில் ஏறுகிற கரண்ட் ஓட வழி உண்டு, அங்கே வழியில்லை, தொடுகிற ஆள்தான் வழி என்று.

"நீர் சோறு கறியைப் பாரும்" என்று விட்டுப் போனார். சோறு கறியையும் பார்க்கிறேன்தான்.

08.06.2025, ஞாயிறு

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். வயர் வரவில்லை.

11.06.2025, புதன்

தெல்லிப்பழைக்கு அம்மனைக் கும்பிடப் போய் வர, புரொஜெக்டர் வைத்த மேசை வெறுமையாகக் கிடக்கிறது.

"அண்ணை கேட்டவர், குடுத்திட்டன்." இவர் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

"நான் ஒட்டின தாள் கண்ணிலை படேல்லையோ?"

"வயர் உம்மடை அலுமாரிக்கைதானே கிடக்கு. அது இல்லாமல் என்ன செய்யப் போறார்?"

அலுமாரியைத் திறந்து பார்த்தேன். வயர் இருந்தது. எனக்கும் அது போதும் என்று பட்டது. இரவு நிம்மதியாகப் படுத்தேன்.

14.06.2025, சனி

நேற்று எழுதக் கை வரவில்லை. இன்று ஒழுங்காக எழுதுகிறேன். பிறகு ஒருவரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

புரொஜெக்டர் வயரும் றைஸ் குக்கர் வயரும் ஒன்று. ஒரே வாய். எனக்குத் தெரியும். போன கிழமை வெள்ளி பெரியத்தான் என் கண்முன்னே கொண்டுவந்து போட்டதும் அந்தக் குக்கர் வயர்தான். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நான் என் அலுமாரியைப் பூட்டிவிட்டு நித்திரை கொண்டேன். விசரி.

நேற்றுப் பின்னேரம் ஆறரை. நான் மடைப்பள்ளியில் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தேன். முன்னுக்கு நிலம் முழுக்க அபிசேகத் தண்ணீர். எல்லோரும் வெறுங்கால், கோயில்தானே. சுவரில் வெளிச்சம் விழுந்ததைக் கண்டேன், மச்சாளின் முகம் வந்தது. அகப்பையைப் போட்டுவிட்டு எழும்பினேன். அதற்குள் படம் வெட்டி வெட்டி வந்தது.

"பிள்ளை, அந்த வயரை முனையிலை இறுக்கிப் பிடி, படம் நிக்கும்." இது பெரியத்தானின் குரல்.

நிவேதனா பிடித்தாள். குளித்த ஈரச் சேலை. அது லப்டொப்பிலிருந்து படம் வருகிற வயர், முனை இரும்பு, மெஷினின் தகரத்தோடு சேர்ந்தது.

மணி பெலத்தது. "வந்திட்டா! நாச்சிமார் வந்திட்டா!"

நான் சாமி உரு வருவதைப் பார்த்து வளர்ந்தவள். உரு வந்தவளுக்குக் கால் நிலத்தில் நிற்காது. கால்தான் முதலில் ஆடும். இவளின் கால் சீமெந்தில் ஒட்டிக் கிடந்தது. கைதான் ஆடியது. பல்லு இறுகிப்போய், கண் செருகி — கை அந்த வயரை விடவில்லை. பெரியத்தான் திருநீறு பூசக் கையை நீட்டினார், விரல் அவளில் பட்டதும் பின்னுக்குப் போய் விழுந்தார். "சக்தி என்னையும் தூக்கி எறிஞ்சு போட்டுது" என்று கும்பிட்டார். எல்லோரும் கும்பிட்டார்கள். கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்! மணியை அடித்தது ஆர்? என்ரை மனுசன்.

மெயின் மடைப்பள்ளிச் சுவரில். கை ஈரம். சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டுத்தான் பிடியை இழுத்தேன். அந்த ஒரு செக்கனையும் சேர்த்தால், அவள் பிடித்ததிலிருந்து ஏழு செக்கன் இருக்கும்.

நிவேதனா விழுந்தாள். விளக்கு வெளிச்சம் மட்டும். சுவரில் மச்சாளின் முகம் போய்விட்டது. ஆனால் லப்டொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது, அதிலிருந்து அவவின் குரல் வந்துகொண்டே இருந்தது: "தாயே, என்ரை மோனுக்கு ஒரு வழி சொல்லணை... ஏன் நிப்பாட்டினீங்கள்? ஆர் நிப்பாட்டினது?"

பெரியத்தானும் அதைத்தான் கேட்டார். "ஆர் லைற்றை நிப்பாட்டினது?"

பிள்ளைக்கு என்ன என்று ஒரு வாய் கேட்கவில்லை. நான் ஓடிப்போய் மூச்சைப் பார்த்தேன். இருந்தது.

"அம்மன் வாற நேரம் இருட்டாக்கினவள்" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் நான்தான் காரணமாம்.

15.06.2025, ஞாயிறு

அவளின் வலது உள்ளங்கையில் வெள்ளையாக இரண்டு புள்ளி, ஓரம் கருகல். மஞ்சளும் திருநீறும் அப்பிச் சீலை சுற்றியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம், கரண்ட் நெஞ்சுக்குள்ளாலும் போயிருக்கும், நெஞ்சைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"அம்மன் தொட்ட கைக்கு மருந்து போடுறதோ? நீர் சைவமோ என்ன?" என்றார் பெரியத்தான்.

நான் சைவமோ என்று என்னைக் கேட்கிறார். நாற்பது வருசமாக வெள்ளி தவறாமல் விரதம் பிடிக்கிறவளை.

இனி இந்தக் கொப்பியில் அவருக்கு முறை வைத்து எழுதப்போவதில்லை.

16.06.2025, திங்கள்

சோமசேகரம் வீட்டுக் குசினிக் கொடியில் குக்கர் வயர் தொங்குகிறது. குங்குமம் போகக் கழுவிக் காயப் போட்டிருக்கிறது. வயரைக் கழுவுகிற ஆள்! அம்மனின் வேலை என்றால் கழுவுவானேன்? அப்படியென்றால் தெரியும். எது அடித்தது என்று அவருக்குத் தெரியும். சீ.

17.06.2025, செவ்வாய்

குறி கேட்க ஆட்கள் வந்துவிட்டார்கள். கோயில் வாசலில் பதினொரு செருப்புச் சோடி எண்ணினேன். நிவேதனாவைப் பட்டுச் சேலை கட்டி நடுவில் இருத்தியிருந்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. ஒரு மனுசி மகளின் கலியாணத்தைக் கேட்டா. சோமசேகரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "தைக்குப் பிறகு பாக்கச் சொல்லுறா" என்றார். ஆர் சொன்னது? எப்போது சொன்னது? எழும்பி வந்துவிட்டேன்.

நாச்சிமாரே, நான் மறித்தது உங்களையா? நீங்கள் வருவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வந்த இடத்தில் பிள்ளையின் கையைப் பொசுக்குவீர்களா? இதை உங்கள் பெயரில் எழுதுகிறார்களே, அதுதான் தாங்கமுடியவில்லை. கோயிலுக்குள் ஆரோ துப்பி வைத்ததுபோல் இருக்கிறது.

பின்னேரம் அவள் கிணற்றடிக்கு வந்தாள். நான் தேங்காய்ச் சிரட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சின்னம்மா, விடச் சொல்லிக் கத்தப் பாத்தனான். நாக்கு வரேல்லை."

"தெரியும் பிள்ளை."

"அப்பா காதுக்குள்ளை வந்து 'பேசு தாயே, பேசு' எண்டு கேக்கிறார். நான் செத்துக்கொண்டிருக்கிறன், அவர் என்னைத் தாயே எண்டு கூப்பிடுறார்."

நான் தேய்ப்பதை நிறுத்தினேன்.

"வெள்ளி எட்டாம் நாள் மடை. கனடா மாமி இன்னும் ஆக்களுக்குச் சொல்லியிருக்கிறாவாம். அதே இடத்திலை நிண்டு அதே வயரைப் பிடிக்கட்டாம்."

"நீ என்ன சொன்னனி?"

"ஒண்டும் சொல்லேல்லை. நான் வாய் திறந்தால் ஊருக்கு முன்னாலை அப்பா பொய்யன்."

சிரட்டை கையிலிருந்து விழுந்து உருண்டது. அவள்தான் எடுத்துத் தந்தாள், இடக்கையால்.

18.06.2025, புதன்

காலை. சந்தைக்கு என்று சொல்லி அவளை ஓட்டோவில் ஏற்றினேன். ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு வயர் பூட்டிப் பார்த்தார்கள். அந்த வயர்களைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள். "இது அடிக்கிறதில்லை தங்கச்சி, கேக்கிறது மட்டும்தான்" என்றாள் தாதிப்பிள்ளை. நெஞ்சு சரி. கைக்கு மருந்து கட்டி, கரண்ட் சுட்ட புண் என்று கடதாசியில் எழுதித் தந்தார்கள். ஐந்து நாளாக வளவில் என்னைத் தவிர ஒருவரும் சொல்லாத வசனம்.

புரொஜெக்டர் கோயில் அறையில் பூட்டிக் கிடக்கிறது. திறப்பு சோமசேகரத்திடம். அவர் ஒரே ஒரு ஆளின் சொல்லைத்தான் கேட்பார். ஆகவே மத்தியானம் அந்த ஆளுக்கே கடிதம் எழுதினேன். நிவேதனா பக்கத்தில் இருந்து வாசித்தாள். வாசித்து முடித்துவிட்டுப் பேனையைக் கேட்டாள்.

"யோசிச்சுச் செய் பிள்ளை. உன்ரை அப்பா."

"அப்பாதான். பேனையைத் தாங்கோ."

இடக்கையால் பேர் எழுதினாள். முதலாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்துப்போல் கோணல்மாணலாக இருந்தது. வாசிக்கலாம்.

இவர் கதவடியில் நின்று பார்த்தார். கையெழுத்து வைப்பாரோ என்று பேனையை நீட்டினேன். வாங்கினார். திருப்பி மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார். சரி, மணி அடிக்க மட்டும்தான் ஏலும் என்று நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்து, சேட்டுக்குள்ளிருந்து குக்கர் வயரை எடுத்து மேசையில் வைத்தார்.

"அண்ணை வீட்டிலை இண்டைக்கு விறகடுப்பு" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் இதே வயர் இன்னொரு வீட்டிலும் இருக்கும். ஊரில் குக்கர் இல்லாத வீடு எது? அந்தப் பிழையை இரண்டாந்தரம் விடமாட்டேன். கடிதத்தைப் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். இதில் அதன் பிரதி:

குணலட்சுமி மச்சாளுக்கு,

வெள்ளிக்கிழமை நீங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தது உரு அல்ல. பிள்ளைக்குக் கரண்ட் அடித்ததைத்தான் பார்த்தீர்கள். பழுதான புரொஜெக்டரை, எர்த்தும் ட்ரிப்பும் இல்லாத கோயில் போர்ட்டில் குக்கர் வயரால் போட்டார்கள். மெயினை நிறுத்தியவள் நான். நிறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிக் கடதாசியையும் கையின் படத்தையும் இதனுடன் அனுப்புகிறேன். கையை வடிவாகப் பாருங்கள்.

நாளை மறுநாள் எட்டாம் மடை. அதே மெஷினைப் போட்டு, அதே பிள்ளையை அதே இடத்தில் நிறுத்தப் போகிறார்கள், நீங்கள் பார்ப்பதற்காக. போன முறை ஏழு செக்கனோடு தப்பினாள். இந்த முறை என்னை மடைப்பள்ளிக்குள் விடமாட்டார்கள்.

மடை நடக்கட்டும். நாச்சிமாருக்குப் பொங்கலும் விளக்கும் போதும். புரொஜெக்டரைப் போட வேண்டாம் என்று உங்கள் தம்பிக்கு ஒரு சொல் சொல்லுங்கள். அவர் உங்கள் சொல்லை மீறமாட்டார்.

இப்படிக்கு,
கேதீஸ்வரி
நிவேதனா

பி.கு.: நாளைப் பின்னேரத்துக்கு முன் எனக்குப் பதில் வேணும் மச்சாள். கெதியாப் போடுங்கோ.