சிரிக்கும் வரிசைக்கு மாற்றம்

பாரிஸ், நவம்பர் 1838

அன்புள்ள அம்மாவுக்கு, ஆன்செல்ம் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நாடக அரங்கில் கூலிக்கு அழும் வேலை நன்றாகவே போகிறது. எங்கள் வரிசை அழுதால்தான், டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்கு அது சோகக் கட்டம் என்று தெரிகிறது.

சென்ற வாரம் சிறு தவறு. ஒரு சிரிப்பு நாடகத்தில், பட்டணம் கிளம்பும் மகனை ஒரு தாய், "சூப்பை ஊதிக் குடிடா, நாக்கைச் சுட்டுக்காதே" என்று அதட்டினாள். எங்கள் ஆட்கள் எல்லாரும் வாங்கிய கூலிக்குச் சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன். என்னைப் பார்த்துச் சீமாட்டிகள் சிலரும் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள்.

எங்கள் தலைவர் ரூவியேர் என்னை வெளியே இழுத்துப் போனார்.

"யாருடா செத்துட்டாங்க? சூப்புதானே?"

"பழக்க தோஷம், ஐயா."

"நம்ம அழுகை திரை விழுந்தா நிக்கணும். உன்னுது இன்னும் நிக்கலையே. நாளையிலேர்ந்து சிரிக்கிற வரிசையில உக்காரு. அந்தம்மா பேசறப்ப நீ சிரிக்கல, உனக்கு இங்க வேலை இல்ல."

நாடகம் கிறிஸ்துமஸ் வரை ஓடும் என்கிறார்கள்.

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். பதில் எழுதும்போது என்னை எதற்காவது திட்டி எழுதுங்கள். மணி அடித்துவிட்டது, சிரிக்கப் போகவேண்டும்.

உங்கள் மகன்,
ஆன்செல்ம்