இங்ரிட் என்று கூப்பிட்டால்

கொட்டிவாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சாய்நாத் அண்ணாவுக்கு,

மதுவந்தி அநேக நமஸ்காரம். ஸ்வீடனில் குளிர் ஆரம்பித்திருக்கும். மன்னியைக் கேட்டதாகச் சொல்லவும். மயிலாப்பூரில் அம்மாவின் முழங்கால் வலி இப்போது தேவலை. போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் கடிதம்.

கல்யாணமானதிலிருந்தே லார்ஸ் தன் ஸ்வீடன் முன்னோர்களைத் தேடிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஆண்டர்ஸின் மகன் ஆண்டர்ஸன், மகள் ஆண்டர்ஸ்டாட்டர் என்று அவர் சொன்னபோது, நம் இனிஷியலைத்தான் நீட்டி முழக்கியிருக்கிறார்கள் என்று சிரித்தேன். கூடவே இன்னொரு பழைய வழக்கமும் தெரிய வந்தது. மனைவி இறந்து மறுமணம் செய்தால், பிறக்கும் முதல் பெண்ணுக்கு இறந்தவளின் பெயர். அவருடைய முதல் மனைவி இங்ரிட் ஏரியில் மூழ்கிப் போனவள். பாவம், பெயராவது இருக்கட்டும் என்று நானே பெரிய மனசு பண்ணி என் பெண்ணுக்கு வைத்தேன்.

நம் வீட்டில் தாத்தா பெயரை வைத்தாலும் கூப்பிடுவது வேறு பெயரில்தானே? அம்மா ஜானு என்று கூப்பிடச் சொன்னாள். நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குழந்தைக்கு இரண்டு வயசாகிறது. அவரை அப்பா என்பதில்லை. லஸ்ஸே என்கிறாள். செத்துப்போன இங்ரிட் மட்டும் அவரைக் கூப்பிட்ட செல்லப் பெயராம். இந்த வீட்டில் யாரும் அதைச் சொன்னதே கிடையாது. முதல் தடவை கேட்டபோது அவர் முகம் வெளுத்துவிட்டது. இப்போதெல்லாம் ‘ம்’ என்று திரும்புகிறார்.

போன வெள்ளிக்கிழமை கேட் திறந்து கிடந்திருக்கிறது. மீன் விற்க வரும் தேவானைதான் குழந்தையைக் கடலிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தாள். பாப்பா இடுப்பளவு தண்ணியில அழாம யார்கிட்டயோ பேசிக்கினு நின்னுச்சு என்றாள். அன்றிலிருந்து ஜானு, ஜானு என்று கூப்பிட்டுப் பார்க்கிறேன். திரும்புவதே இல்லை. இங்ரிட் என்றால் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. ஆனாலும் அந்தக் கையை எப்படி விலக்குவேன்?

அந்த முதல் இங்ரிட்டின் கல்லறை உன் வீட்டிலிருந்து பக்கம்தான். எனக்காக ஒரு தடவை போய் வா. கொஞ்சம் பூ வை. எந்த மொழியில் சொன்னாலும் சரி, பெயரைத் திருப்பித் தந்துவிடுகிறேன், நிம்மதியாகப் போகட்டும் என்று சொல். அவளுக்குப் போக மனசில்லையென்றால் இருக்கட்டும். இரண்டு பேரையும் நானே வளர்த்துக்கொள்கிறேன். தண்ணீர்ப் பக்கம் மட்டும் போக வேண்டாம் என்று அவளிடம் கெஞ்சிக் கேள்.

உன் தங்கை,
மதுவந்தி