முகத்தல் அளவைப் பாடம்

திருமுல்லைவாயில்,
12.7.87

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி கஸ்தூரி எழுதுகிறேன். நானும் நம் பிள்ளை சாமுண்டீஸ்வரியும் சுகம். மஸ்கட் வெயிலில் கட்டட வேலை பார்க்கும் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் தினமும் நினைப்பு. கொம்பு வளைந்த எருமை போன வாரம் கிடேரிக் கன்று ஈன்றிருக்கிறது. பால் கூடியிருக்கிறது. சந்தோஷமாக எழுதவேண்டிய கடிதம். கை வரவில்லை.

பிள்ளைக்கு மூன்றாம் வகுப்பில் இந்த வாரம் முகத்தல் அளவை நடக்கிறது. எத்தனை அரை லிட்டர் சேர்ந்தால் ஒரு லிட்டர் என்ற பாடம். ஞானகுமாரி டீச்சர் ஆளுக்கு ஒரு அளவை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். மற்றவர்கள் டம்ளரும் மருந்து பாட்டிலும் எடுத்துப் போக, இவள், "நம்மகிட்டதாம்மா நெஜமான அளவு கீது" என்று, நாம் பால் ஊற்றும் அரை லிட்டர் அளவைத் தேய்த்துக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டாள். காலைப் பால் ஊற்றி முடிந்திருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

டீச்சர் கோடு போட்ட லிட்டர் குவளையை வைத்து இவளைத்தான் முதலில் கூப்பிட்டாராம். இரண்டு தரம் ஊற்றியும் தண்ணீர் கோட்டைத் தொடவில்லை. சிந்திவிட்டோம் என்று நினைத்து, கொட்டிவிட்டு மறுபடி ஊற்றியிருக்கிறாள். அப்போதும் குறைந்தது. டீச்சர் நல்ல மனுஷி. பழைய அளவு, நசுங்கியிருக்கும் என்று சொல்லி உட்காரச் சொன்னாராம். ஆனால் லூர்தம்மாள் அக்காவின் மகள் ரோஸி எழுந்து, "அதான் எங்க ஊட்ல பால் பத்தவே மாட்டேங்குதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டாள். குழந்தை, மனதில் பட்டதைக் கேட்டாள். வகுப்பே சிரித்ததாம்.

வீட்டுக்கு வந்து, "நான் சிந்தவே இல்லம்மா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அளவைக் கவிழ்த்துப் பார்த்தேன். சைக்கிளிலிருந்து விழுந்து நசுங்கியது என்று நீங்கள் சொன்னதை இத்தனை நாள் நம்பியிருந்தேன். விழுந்தது ஒரு பக்கம்தானே நசுங்கும்? இது அடிப்பாகம் முழுக்க, சுற்றிலும் சீராக, உள்ளே தட்டி ஏற்றியிருக்கிறது. மஸ்கட்டுக்குக் கிளம்பும்போது, "ராசியான அளவுடி, மாத்திடாத" என்றீர்கள்.

அன்று சாயங்காலமே அம்பத்தூர் போய் முத்திரை போட்ட புது அளவு வாங்கி வந்தேன். மறுநாள் லூர்தம்மாள் அக்கா எப்போதும்போல் சொம்பை நீட்டினார். தினமும் கழுத்தோடு நிற்கும் பால் விளிம்புக்கு வந்துவிட்டது. அக்கா சொம்பைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ரோஸி பிறந்ததிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நம் பால்தான். "இத்தினி நாளா கொறச்சித்தான் ஊத்திகினு இருந்தேங்க்கா" என்றேன். உங்கள் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. "புள்ளைக்குன்னு தெரிஞ்சுதானே ஊத்தின" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். ஏசியிருந்தால் தேவலை.

மற்ற வீடுகளிலும் அதையே சொன்னேன். சிலர் பாலை நிறுத்திவிட்டார்கள். சரியாக ஊற்றத் தொடங்கிய பிறகுதான் நிறுத்தினார்கள் என்பதை யாரிடம் போய்ச் சொல்வது? அக்கா இன்னும் வாங்குகிறார். பேசுவதில்லை. தெருவில் நிமிர்ந்து நடக்க முடியவில்லை மாமா.

பிள்ளை இரண்டு நாள் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று படுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை புது அளவை எடுத்துக்கொண்டு நானே கூட்டிப் போனேன். டீச்சரைக் கேட்டு, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் அவளை ஊற்ற வைத்தேன். தண்ணீர் சரியாகக் கோட்டைத் தொட்டது. டீச்சர் கை தட்டினார். ரோஸியும் தட்டினாள். இவள் முகத்தில் சிரிப்பில்லை. நான் கதவோரம் தலைகுனிந்து நின்றேன்.

சாயங்காலம் அழைத்து வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. நின்றுகொண்டிருந்தவள், "அப்பாவுக்குத் தெரியுமாம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டேன். ரயில் போகிறவரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை.

அவள் பெயருக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். என்ன எழுதவேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். என் பொய்யைக் காப்பாற்றினாலும் சரி, உடைத்தாலும் சரி, உங்கள் கையால் எழுதுங்கள். இப்போதெல்லாம் எழுத்துக்கூட்டாமலே படிக்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். மாசிலாமணீஸ்வரர் உங்களுக்குத் துணையிருக்கட்டும். பிள்ளை உங்கள் பதிலுக்குக் காத்திருப்பாள்.

உங்கள்,
கஸ்தூரி