தினமும் தலையைக் காட்டிய கேள்வி

மாப்ள, வந்துருச்சுடா, தமிழும் பின்னமும் வர்க்கமூலமும் ஒரே வரியில, ஒரு எழுத்துகூட உடையாம, உன் கணக்கு அச்சா வந்துருச்சுடா!

சிம்மக்கல் ஜெராக்ஸ் கடை பிரிண்டரிலிருந்து இப்போதுதான் எடுத்தேன். தாள் இன்னும் சூடாக இருக்கிறது, மசி வாசனை மூக்கில் ஏறுகிறது. "ஒரு காப்பி போதுமாப்பா?" என்று கடைக்காரர் கேட்டார். இரண்டு என்று வாய்வரை வந்துவிட்டது. போதும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கடை வாசலிலேயே நின்று முதல் பக்கத்தைப் படித்தேன். 'எல்லை' பாடம்.

பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் இங்கிலீஷ் கணக்கு வகுப்பில் ஊமையாக உட்கார்ந்திருந்த கூட்டத்தில் நானும் ஒருவன். எனக்குப் புரிந்த முதல் பாடம் டவுன் பஸ்ஸில் நீ நடத்தியதுதான். ஒரு கையில் கம்பி, ஒரு கையில் டிபன் பாக்ஸ்.

"கண்டக்டரு உள்ள போ, உள்ள போங்கிறாரு. இவிங்க மிச்சம் இருக்கிற எடத்துல பாதிதான் நகர்றாய்ங்க. மறுபடி கத்துறாரு, மறுபடி பாதி. கடைசி சீட்டத் தொடவே மாட்டாய்ங்க மாப்ள, ஆனா எம்புட்டுக் கிட்டக்க வேணாலும் போவாய்ங்க. அதான்டா எல்லை."

"பாடம் எடுத்தது போதும், நீ மொதல்ல உள்ள போப்பா" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து நான் உன் ரசிகன். வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ் என்று இருந்த உனக்கு, கணக்கை எந்த மொழியிலும் சொல்லலாம் என்பதில் சந்தேகமே இல்லை. நம்மைப் போல ஊமையாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் போட வேண்டும் என்றாய். அச்சகத்தில் கையெழுத்துப் பிரதியை வாங்க மறுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டு வரச் சொன்னார்கள்.

அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கணக்கை அழகாக அச்சுக் கோக்க ஒரு இலவச மென்பொருள் இருப்பதை நான் இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து, நானே கற்றுக்கொண்டேன். சூத்திரம் மட்டும் என்றால் முத்து முத்தாக வந்தது. பக்கத்தில் தமிழ் எழுதினால் கட்டம் கட்டமாக வந்தது. ஒருவழியாக எழுத்து வந்தபோது, 'கோணம்' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய் நின்றது. "கோணத்தோட கால ஒடச்சுட்டாய்ங்க மாப்ள" என்று நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

அந்த மென்பொருளுக்கென்று உலகம் முழுக்க ஆட்கள் இணையத்தில் கூடி, கேள்வி கேட்டுப் பதில் சொல்லும் ஒரு மன்றம் இருந்தது. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, லீவ் லெட்டர் எழுதும் பணிவோடு நம் கேள்வியைப் போட்டோம். மறுநாள் பார்த்தால் பதில் இல்லை.

"சும்மா இருந்தா மறந்துருவாய்ங்க. தாலுகா ஆபீஸ்ல டெய்லி போயி தலையக் காட்டித்தான சர்டிபிகேட் வாங்குனேன்? இங்கயும் அப்படித்தான்" என்றாய். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. தினமும் வகுப்பு முடிந்ததும் போய், நம் கேள்விக்குக் கீழே நாமே ஒரு வரி எழுதினோம். ஐயா, வணக்கம், எங்கள் கேள்வியைத் தயவுசெய்து பார்க்கவும். மறுநாள், ஐயா, நினைவூட்டுகிறோம். அதற்கும் மறுநாள், முன்கூட்டியே நன்றி.

"என்ன தம்பிகளா, உங்க வெள்ளைக்காரன் இன்னைக்கும் லீவா?" என்பார் சென்டர் அண்ணே.

"வருவாருண்ணே. அவுகளுக்கு இப்பத்தான் விடியுது" என்பாய்.

நாள் போகப் போக நீ அந்தப் பக்கத்தில் வேறொன்றைப் பார்க்க ஆரம்பித்தாய். எத்தனை பேர் நம் கேள்வியைத் திறந்து பார்த்தார்கள் என்று ஓரத்தில் ஓர் எண் இருக்கும். அது ஏறிக்கொண்டே இருந்தது. "இம்புட்டுப் பேரு பாத்துட்டுப் போறாய்ங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. அப்ப நம்ம கேள்விதான் மட்டம் மாப்ள." அதன்பிறகு நீ சென்டருக்கு வரவில்லை. படிப்பு முடிந்ததும் சுங்குடிச் சேலைக் கடையில் பில் போடப் போய்விட்டாய். அந்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கண்ணெல்லாம் மஞ்சளாக, "அந்த மன்றத்துல ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். "விடு மாப்ள" என்று திரும்பிப் படுத்தாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

போன வாரம் உன் 'எல்லை' பாடத்தை எடுத்துவைத்துக்கொண்டு அதே மன்றத்தில் புதிதாகக் கேட்டேன். ஒரே முறை கேட்டுவிட்டு, வேலை இருந்ததால் திரும்பிப் பார்க்கவில்லை. சாயங்காலத்துக்குள் ஒருவர் பதில் எழுதிவிட்டார். கோப்பின் தலைப்பகுதியில் சேர்க்க ஒரு வரி, அவ்வளவுதான். குதித்துவிட்டேன் மாப்ள. அப்புறம்தான் ஆத்திரம் வந்தது. இதையேதான் அன்றைக்கும் கேட்டோம், ஏன் யாரும் சொல்லவில்லை என்று அவருக்கே எழுதினேன்.

அவர் நம் பழைய பக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு எழுதினார். உதவி செய்கிறவர்கள் எல்லாம் பதிலே இல்லாத கேள்விகளைத்தான் முதலில் எடுப்பார்களாம். நாம் நமக்கே எழுதிக்கொண்ட வரிகளையும் மன்றம் பதில்களாகவே எண்ணிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால், யாரோ உட்கார்ந்து பொறுமையாக நமக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பது போலத் தெரிந்திருக்கிறது. கீழே கடைசியாக நன்றி வேறு. உதவி கிடைத்துவிட்டது என்று நினைத்துப் போய்விட்டார்கள். கடைசியில் அவர் எழுதியிருந்தார்: நல்ல கேள்வி, உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

உன்னிடம் எப்படிச் சொல்வது? கேள்வி மட்டமில்லை மாப்ள. மறக்காமல் இருக்கத் தினமும் போய் நின்றோம். நின்றதால்தான் நம்மை யாரும் பார்க்கவில்லை.

இப்போது தினமும் காலையில் அந்த மன்றத்துக்குப் போகிறேன். கேட்டவர் பெயரே திரும்பத் திரும்ப வரும் பக்கங்களைத்தான் முதலில் திறக்கிறேன். எனக்குத் தெரிந்தது கொஞ்சம், தெரிந்தவரை எழுதுகிறேன். இந்த மடலை என் வலைப்பதிவிலும் போடுகிறேன். படிக்கிறவர்களே, நீங்கள் போய்வரும் மன்றம் எதுவானாலும், ஒரே ஆள் தனியாகப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் கடந்து போகாதீர்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் கேள்வியைப் படித்தேன், இன்னும் பதில் வரவில்லை, புதிதாக ஒருமுறை கேளுங்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். இன்றைக்கே எழுதுங்கள்.